திரும்பப் படிக்கும் நாளை முதலில் குறியுங்கள்

குரூப் 4 தேர்வுக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போடுகிறார்கள். ஆறாம் வகுப்புத் தமிழில் தொடங்கி, பள்ளிப் புத்தகங்களை வகுப்பு வாரியாக அடுக்கி, நாளுக்கு இத்தனை பாடம் என்று வகுத்து, கடைசி இரண்டு வாரத்துக்கு நேராக ‘ரிவிஷன்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். புதுப் பாடங்கள் எந்தத் தேதியில் முடியும் என்பது அந்தத் தாளில் தெளிவாக இருக்கிறது. படித்தவை எந்தத் தேதிக்குள் மறந்துபோகும் என்ற கணக்கு அதில் இல்லவே இல்லை. பத்தாம் வகுப்பு வரலாற்றுக்கு வந்து சேரும்போது ஆறாம் வகுப்புப் புவியியல் போயிருக்கும். கடைசி இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும், அதற்கு அந்த இரண்டு வாரம் போதாது.

ஆகவே இந்த அத்தியாயத்தில் தாளைத் தலைகீழாகத் திருப்பப் போகிறோம். திரும்பப் படிக்கும் நாட்களுக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள். அது போக மிஞ்சுகிற இடத்தில்தான் புதுப் பாடம். மிஞ்சுகிற இடம் குறைவாகத்தான் இருக்கும். அதை இப்போதே பார்த்துவிடுவது, தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது பார்ப்பதைவிட நல்லது.

தேர்வின் அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். 100 வினாக்கள் தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் குறைந்தது 60 எடுத்தால்தான் மற்றது கணக்கில் வரும். கையில் 26 வாரம் இருப்பதாகவும், வேலைக்கோ வீட்டுப் பொறுப்புக்கோ போக நாளுக்கு இரண்டரை மணி நேரம் கிடைப்பதாகவும் வைத்துக்கொண்டு இந்தத் திட்டத்தைப் போடுகிறேன். உங்களிடம் நேரம் கூடவோ குறையவோ இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். முறையை மாற்ற வேண்டாம்.

மறதியின் வேகம்

ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில் தன்னையே சோதனைக்கு உட்படுத்தினார். பொருளற்ற அசைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வார். சில நேரமோ சில நாளோ கழித்து அதே பட்டியலை மறுபடி கற்பார். முதல் முறையோடு ஒப்பிட்டால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளப்பார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் அதற்குப் பிறகு சரிவு மெதுவானது. ஆறு நாளில் சுமார் 25 சதவீதமும், ஒரு மாதத்தில் சுமார் 21 சதவீதமும் நின்றன.

நீங்கள் படிப்பது பொருளற்ற அசைகள் இல்லை. புரிந்து படித்த பாடம் இவ்வளவு வேகமாகப் போகாது. ஆனால் முதலில் செங்குத்தாகவும் பிறகு மெல்லவும் இறங்குகிற அந்த வடிவம் பள்ளிப் பாடத்துக்கும் பொருந்தும். முதல் திரும்பப் படிப்பு மறுநாளே வேண்டும் என்பதும், அடுத்தடுத்தவை தள்ளிப் போகலாம் என்பதும் இதிலிருந்து கிடைக்கிற விதி.

எவ்வளவு தள்ளிப் போகலாம்? நிக்கலஸ் செபேடாவும் சக ஆய்வாளர்களும் 1,300க்கு மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத்தான் விடை தேடியது. ஒரு முறை படித்து, இடைவெளி விட்டு இன்னொரு முறை படித்து, பிறகு தேர்வு எழுத வைத்தார்கள். தேர்வு 7 நாள் கழித்து என்றால் ஒரு நாள் இடைவெளி சிறந்தது. 35 நாள் கழித்து என்றால் 11 நாள். 70 நாள் கழித்து என்றால் 21 நாள். எவ்வளவு காலம் நினைவில் நிற்க வேண்டுமோ, அதற்கேற்ப இடைவெளியும் நீள வேண்டும் என்பதே இதன் சாரம். ஒரே நாளில் இரண்டு தடவை அடுத்தடுத்து ஓட்டுவது ஆறு மாதத் தயாரிப்புக்குப் பெரிதாக உதவாது.

இவற்றை வைத்து நான் பரிந்துரைக்கும் இடைவெளிகள் நான்கு: படித்த நாளிலிருந்து 1ஆம் நாள், 4ஆம் நாள், 12ஆம் நாள், 35ஆம் நாள். இந்த எண்களில் மந்திரம் எதுவும் இல்லை. 12 என்பது 13 ஆனால் ஒன்றும் கெட்டுவிடாது. இடைவெளி ஒவ்வொரு முறையும் முன்னதைவிட நீள வேண்டும், முதலாவது தவறவே கூடாது. அவ்வளவுதான்.

ஒரு டைரி போதும்

ஒரு நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 5 அன்று தமிழில் முதல் பாடத்தைப் படித்து முடித்ததும், எழுந்திருப்பதற்கு முன் நான்கு பக்கங்களைப் புரட்டி ‘த-1’ என்று எழுதுங்கள்: ஜனவரி 6, 9, 17, பிப்ரவரி 9. அரை நிமிட வேலை. மறுநாள் ‘பொ-1’ என்ற பொது அறிவுப் பாடத்துக்கும் அப்படியே. இரண்டு வாரம் போனால், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இன்று எதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே எழுதியிருக்கும். ‘இன்றைக்கு எதைப் படிக்கலாம்’ என்று யோசித்து முதல் கால் மணி நேரத்தைத் தொலைப்பது இதோடு நின்றுவிடும்.

இப்போது கணக்கு. புதுப் பாடத்துக்கு 90 நிமிடம். முதல் திரும்பப் படிப்புக்கு 20, இரண்டாவதற்கு 15, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் தலா 10. ஆகத் திட்டம் முழு ஓட்டத்தில் இருக்கும் நாளில் 145 நிமிடம். இரண்டரை மணி நேரத்தில் ஐந்து நிமிடம்தான் மீதி. இரண்டு புதுப் பாடம் படித்துவிடலாம் என்ற ஆசைக்கு இங்கே இடமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பாடம் கிடையாது. சனிக்கிழமை படித்ததன் முதல் சுற்றும், புதன் பாடத்தின் இரண்டாம் சுற்றும், அதற்கு முந்தைய வாரச் செவ்வாய்ப் பாடத்தின் மூன்றாம் சுற்றும் அன்று வந்து விழும். அதற்கு முக்கால் மணி நேரம் போக, மீதியில் அதுவரை படித்த எல்லாவற்றிலிருந்தும் கலந்து ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.

தேர்வுக்கு முந்தைய 7 வாரத்தில் புதுப் பாடமே கூடாது. 26இல் 7 போனால் 19 வாரம், வாரத்துக்கு 6 நாள், மொத்தம் 114 பாடம். 90 நிமிடத்தில் புரிந்து படித்து முடிக்கக்கூடிய பகுதியையே ஒரு பாடம் என்கிறேன். ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரண்டு அலகுகள் சேர்ந்து ஒரு பாடமாகலாம், பத்தாம் வகுப்பில் ஒரே அலகு இரண்டாகப் பிரியலாம். வினாக்களில் பாதி தமிழ் என்பதால் 55 பாடத்தைத் தமிழுக்கும், 45ஐப் பொது அறிவுக்கும், 14ஐத் திறனறிவுக்கும் ஒதுக்கலாம்.

பாடத்திட்டத்தை முன்னால் வைத்துப் பட்டியல் போட்டால் பலருக்கு 150க்கு மேல் வரும். அப்போது என்ன செய்வது? இந்த இடத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் உடைகின்றன. திரும்பப் படிக்கும் சுற்றுகளைக் குறைத்து, பாடங்களை உள்ளே திணிக்கத் தோன்றும். வேண்டாம். பழைய வினாத்தாள்களை எடுத்து, எந்தப் பகுதியிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு கேட்கிறார்கள் என்று பாருங்கள். குறைவாக வருகிற பகுதியை விட்டுவிடுங்கள். அல்லது நாளுக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கண்டுபிடியுங்கள். 150 பாடத்தை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போகிறவரைவிட 114 பாடத்தை உறுதியாகத் தெரிந்துகொண்டு போகிறவருக்கே நான்கு விடைகளில் சரியானது கண்ணில் படும். முதல் ஐந்து வாரத்தில் 35ஆம் நாள் சுற்று இன்னும் தொடங்கியிருக்காது, ஆகவே சுமை கொஞ்சம் லேசாக இருக்கும். அந்த இடத்தையும் புதுப் பாடத்தால் நிரப்பாதீர்கள். பின்னால் அதுவும் சுற்றுகளாகத் திரும்பி வரும்.

புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

திரும்பப் படிப்பது என்று இதுவரை சொல்லிவந்தேன். உண்மையில் நீங்கள் செய்ய வேண்டியது நினைவிலிருந்து எடுத்து எழுதுவது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்களையும், வாசிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறியது. எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருந்தது 56 சதவீதம், மறுபடி வாசித்தவர்கள் 42 சதவீதம். இது புதிதாகத் தெரிந்த செய்தியும் இல்லை. 1939லேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹெர்பர்ட் ஸ்பிட்ஸர் 3,605 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து, படித்தவுடன் தேர்வு வைப்பது மறதியைத் தடுக்கிறது என்று காட்டியிருக்கிறார். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பார்க்காமல் ஒப்பிக்க வைத்ததும் நினைவுக்கு வருகிறது.

முதல் சுற்றின் 20 நிமிடத்தை இப்படிச் செலவிடுங்கள். வெள்ளைத் தாளில் பாடத்தின் பெயரை எழுதிப் புத்தகத்தை மூடுங்கள். தெரிந்ததையெல்லாம் பத்து நிமிடம் எழுதுங்கள். பெயர், ஆண்டு, காரணம், எது எதோடு சேர்ந்தது, எல்லாம். நின்றுபோனால் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு நிமிடமாவது யோசியுங்கள், அந்தத் தவிப்புதான் வேலை செய்கிறது. பிறகு திறந்து ஒப்பிட்டு, விட்டதையும் தவறாக எழுதியதையும் சிவப்புப் பேனாவால் அதே தாளில் எழுதுங்கள். மீதி நேரத்தில் பாடத்தின் பின்னால் இருக்கும் புக் பேக் வினாக்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த சுற்றுகளில் முழுப் பாடமும் வேண்டாம், தலைப்புகளை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிவப்பு எழுத்துகளில் மட்டும் உங்களைச் சோதித்தால் போதும். மூன்றாம் சுற்றிலும் பாதிக்கு மேல் மறந்திருந்தால் அந்தப் பாடத்தை மறுநாளும் நான்காம் நாளும் மீண்டும் டைரியில் சேருங்கள்.

இப்படிப் படிக்கும்போது ‘எனக்கு ஒன்றுமே ஏறவில்லை’ என்ற உணர்வு வரும். மஞ்சள் மையால் கோடிட்டு, ஐந்தாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்குமே, அந்தச் சுகம் இதில் இல்லை. நேட் கார்னெல் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களை அட்டைகளில் எழுதிப் படித்தவர்களில் 90 சதவீதம் பேர் இடைவெளி விட்டுப் படித்தபோதே அதிகம் கற்றார்கள். ஆனால் முதல் அமர்வு முடிந்ததும் கேட்டபோது அவர்களில் 72 சதவீதம் பேர், இடைவெளி இல்லாமல் படித்ததே நன்றாக இருந்தது என்றார்கள். ஆகவே முதல் மாதத்தில் உங்கள் மனம் சொல்வதை நம்பாதீர்கள். ஞாயிறு டெஸ்ட் மதிப்பெண்ணை நம்புங்கள்.

ஒன்றோடொன்று குழம்புபவை

குரூப் 4 வினாத்தாளில் விடை தெரியாமல் போவதைவிட, இரண்டு விடைகளுக்கிடையே தடுமாறுவதுதான் அதிகம். ஐந்திணை ஐம்பதை எழுதியவர் மாறன் பொறையனார், திணைமொழி ஐம்பது கண்ணன் சேந்தனார், ஐந்திணை எழுபது மூவாதியார், திணைமாலை நூற்றைம்பது கணிமேதாவியார். அந்தக் கணிமேதாவியாரே ஏலாதிக்கும் ஆசிரியர். தனித்தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவோம். பொருத்துக வினாவில் நான்கும் ஒன்றாக நிற்கும்போது கை நடுங்கும். ஐங்குறுநூற்றின் ஐந்து புலவர்களும் அப்படித்தான். மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். பொது அறிவில் அரசியலமைப்புச் சட்டத்தின் உறுப்புகள் இதே வகை. கொத்தடிமை முறையைத் தடுக்கும் 23க்கும், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஆலைகளில் அமர்த்துவதைத் தடுக்கும் 24க்கும் இடையே எத்தனை பேர் தடுமாறுகிறார்கள்!

இவற்றுக்கு மட்டும் கார்டு போடுங்கள். முழுப் பாடத்தையும் கார்டாக்கினால் எழுதுவதிலேயே ஒரு மாதம் போய்விடும். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம் உள்ள அட்டையைச் சீட்டுகளாக வெட்டினால் போதும். ஒரு பக்கம் வினா, மறுபக்கம் விடை. இரண்டு திசையிலும் வேண்டும்: நூலைக் கொடுத்து ஆசிரியரைக் கேட்பது ஒரு கார்டு, ஆசிரியரைக் கொடுத்து நூலைக் கேட்பது இன்னொன்று. இவற்றோடு வேறுபாட்டையே கேட்கும் கார்டும் வேண்டும். ‘ஐம்பது என்ற எண்ணைப் பெயரில் கொண்ட இரண்டு திணை நூல்கள் எவை, யார் யார் எழுதியவை?’ என்பது மாதிரி.

கார்டுகளைச் சுழற்ற, ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் தம் புத்தகத்தில் விளக்கிய பெட்டி முறை இன்றும் நல்லது. அவர் ஐந்து அறை வைத்தார், உங்களுக்கு மூன்று போதும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை நான்கு நாளுக்கொரு முறை, மூன்றாவதைப் பன்னிரண்டு நாளுக்கொரு முறை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் கார்டு அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். இதையே செல்போனில் அன்கி போன்ற செயலிகள் தானாகச் செய்துதரும். போனைக் கையில் எடுத்தால் வேறெங்கும் போகாதவர்களுக்கு அது வசதி. மற்றவர்களுக்கு அட்டைதான் நல்லது. பஸ்ஸிலும், ரேஷன் கடை வரிசையிலும், குக்கர் விசில் அடிக்கும் வரையிலும் பார்க்கலாம். வீட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால் கார்டுக் கட்டைக் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். “அத்தை, நெய்தல் பாடினது யாரு?” என்று அது கேட்கும். அதற்கும் அதே பாடந்தானே.

இலக்கணத்துக்குக் கார்டு பெரிதாக உதவாது. உவமைக்கும் உருவகத்துக்கும் விதியை ஒப்பித்தாலும், பாடத்தில் இல்லாத புதுத் தொடரைக் கொடுத்தால் தடுமாறுவோம். ஒவ்வொரு சுற்றிலும் வேறு எடுத்துக்காட்டுகளைக் கொண்டு சோதியுங்கள்.

திறனறிவில் செய்ய வேண்டியது கலப்பது. தனிவட்டிக் கணக்குகள் இருபதை ஒரே மூச்சில் போட்டால், மூன்றாவதிலிருந்து கை மட்டும் வேலை செய்யும், எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் வேலை இருக்காது. தேர்வில் அப்படித் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கன அளவுக் கணக்குகளை வகை வகையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்கள் 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63 சதவீதம். தனிவட்டி, கூட்டுவட்டி, சதவீதம், விகிதம், வேலையும் நேரமும் என எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துக் கலந்து போடுங்கள்.

நாட்கள் தவறும்போது

தவறும். பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கடையில் ஆடித் தள்ளுபடி நேரம் இரவு பத்து மணி வரை நிற்க வைப்பார்கள். திரும்பி வரும்போது டைரியில் நான்கைந்து பக்கம் தொடப்படாமல் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் திட்டத்தையே கைவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வந்த நாள் முதல் புதுப் பாடத்தை நிறுத்துங்கள். அதனால் கிடைக்கும் 90 நிமிடத்தில் தேங்கியவற்றை முடியுங்கள். முதல் சுற்றே வராத பாடங்கள் முன்னால், பிறகு இரண்டாம் சுற்று. 35ஆம் நாள் சுற்று ஒரு வாரம் தள்ளிப் போனாலும் நட்டமில்லை. இரண்டு மூன்று நாளில் சமநிலை வந்துவிடும். தவறிய புதுப் பாடங்களை ஈடுகட்ட நாளுக்கு இரண்டாகப் படிக்காதீர்கள். 114 என்பது 108 ஆகட்டும்.

கடைசி ஏழு வாரம்

இப்போது டைரியில் பழைய சுற்றுகள் மட்டும் மிஞ்சியிருக்கும், அவையும் வாரத்துக்கு வாரம் குறையும். கிடைக்கும் நேரத்தில் 114 பாடங்களின் சிவப்பு எழுத்துத் தாள்களை இரண்டு முறை சுற்றி வரலாம். முதல் சுற்றுக்கு நான்கு வாரம், இரண்டாவதற்கு இரண்டு. நடப்பு நிகழ்வுகளுக்கு மாதத்துக்கு ஒரு தாள் வீதம் எழுதி இதே சுற்றில் சேருங்கள்.

ஞாயிறுதோறும் முழு மாதிரித் தேர்வு, காலை 9.30 முதல் 12.30 வரை, ஓஎம்ஆர் தாளில் கறுப்புப் பேனாவால் வட்டங்களை நிரப்பி. அசல் தாளில் ‘விடை தெரியவில்லை’ என்பதற்கு ஐந்தாவது வட்டம் உண்டு, அதையும் பழகுங்கள். திருத்தும்போது தவறுகளை இரண்டாகப் பிரியுங்கள். தெரியாது என்று தெரிந்தே விட்டவை ஒரு பக்கம். உறுதியாகத் தெரியும் என்று நினைத்துத் தவறியவை இன்னொரு பக்கம். இரண்டாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் அவற்றைத் திரும்பப் படிக்க உங்களுக்குத் தோன்றவே தோன்றாது. அவை எல்லாவற்றுக்கும் கார்டு போட்டு முதல் அறையில் வையுங்கள்.

கடைசி வாரத்தில் முதல் அறைக் கார்டுகள், சிவப்பு எழுத்துகள், இவ்விரண்டும் போதும். புது கைடு வாங்காதீர்கள், யாராவது அனுப்பும் ‘கட்டாயம் வரும் 500 வினாக்கள்’ தொகுப்பைத் திறக்காதீர்கள். முந்தைய இரவு வழக்கமான நேரத்துக்குத் தூங்குங்கள். படித்தது நினைவில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஹால் டிக்கெட்டையும் பேனாக்களையும் மாலையே எடுத்து வையுங்கள்.

தேர்வு முடிந்ததும் டைரியையும் கார்டுப் பெட்டியையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்து குரூப் 2 முதல்நிலைத் தேர்வு எழுதப் போகிறவராக இருந்தால் இதே தமிழும் பொது அறிவின் பெரும்பகுதியும் அங்கேயும் வரும். ஒரு வாரம் ஓய்வு எடுத்துக்கொண்டு, மூன்றாம் அறைக் கார்டுகளை 35 நாளுக்கொரு முறை பார்க்கும்படி புதுப் பக்கங்களில் குறித்து வையுங்கள்.